அசார் முப்பத்திரண்டு

"மேடம், நான் பொறந்தது அசார் மாசம் முப்பத்திரண்டு. அந்த நாள் இதுல இல்ல" என்றார் தேக் பகதூர் ரோக்கா. திரையின் தேதிப் பட்டியல் முப்பத்தொன்றோடு முடிந்திருந்தது. அவர் விரலால் அதை மேலே தள்ளிக்கொண்டே இருந்தார், அடியில் இன்னொரு எண் ஒளிந்திருப்பதைப் போல. நகக்கண்களில் நாற்றங்கால் சேறு. வெளியே மழை.

நேபாளத்தில் எங்கள் ஊர்த் தொழிலாளர் அலுவலகத்தில் முன்பு ஒரு வெளிநாட்டு வேலை அனுமதிக்கு மூன்று நாள் ஆகும். போன வருடம் நான் கைக்கடிகாரத்தோடு ஒரே ஒரு விண்ணப்பத்தின் பின்னாலேயே பதினொரு மேஜைகளுக்கும் போனேன். மூன்று நாளில் அந்தத் தாளின் மேல் மனிதக் கை வேலை செய்தது பத்தொன்பது நிமிடம். மீதி நேரமெல்லாம் அது சும்மா படுத்துக் கிடந்தது. அந்தப் பத்தொன்பது நிமிடத்தை மட்டும் எடுத்துக் கோத்ததுதான் இந்தப் புதிய முறை. எழுத்துப் பிழை வராமலிருக்க, தேதியை எழுதக்கூட வேண்டாம், திரையில் தொட்டால் போதும். மூன்று மாதமாக வாசலில் வரிசையே இல்லை. அந்த வெறும் வாசலை நான் அடிக்கடி எழுந்து போய்ப் பார்ப்பேன்.

"முப்பத்தொண்ணுன்னு போட்டா என்ன மேடம்?"

"போடலாம் அண்ணே. ஆனா இது அதை இங்கிலீஷ் தேதியா மாத்தி பாஸ்போர்ட்டோட ஒப்பிட்டுப் பாக்கும். ஒரு நாள் இடிச்சாலும் நிறுத்திடும்."

"எங்கம்மா இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தா அடுத்த மாசம், சாவுன் ஒண்ணாந்தேதி பொறந்திருப்பேன். அவங்களுக்கு நடவுக்குப் போற அவசரம்." சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "நாளைக்குள்ள தோஹால எறங்கலேன்னா என் விசா செத்துப்போயிடும், தங்கச்சி. ஒன்பது வருஷ வேலை."

வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கு அலுவலகம் மூடிவிடும். மணி ஒன்றரை.

காத்மாண்டுவில் இந்த முறையை எழுதிய பிரஜ்வலைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"அக்கா, எந்த மாசத்துக்காவது முப்பத்திரண்டு நாள் இருக்குமா? உங்ககிட்ட கேட்டுத்தானே போட்டேன்?"

கேட்டிருந்தான். மாதத்துக்கு அதிகபட்சம் எத்தனை நாள் என்று கேட்டபோது, நான் சுவரில் தொங்கிய நாட்காட்டியை நிமிர்ந்து பார்த்துப் பதில் சொன்னேன். அன்று அங்கே விரிந்திருந்தது சாவுன் மாதம். முப்பத்தொரு நாள். பக்கத்தைப் புரட்ட ஒரு கணம்கூட ஆகியிருக்காது. பத்தொன்பது நிமிடத்தில் அந்த ஒரு கணத்தை நான் மிச்சம் பிடித்திருந்தேன்.

"சரி, முப்பத்திரண்டாக்கிடறேன்."

"எல்லா மாசத்துக்கும் ஆக்கிடாதே, இல்லாத நாள்ல எல்லாம் ஆள் பொறப்பாங்க. வருஷா வருஷம் மாறும். எழுதிக்கோ."

சூரியன் மிதுன ராசியில் நுழைந்து வெளியேறும்வரை எங்கள் அசார் மாதம். பூமி அப்போது சூரியனைவிட்டு மிகவும் தள்ளி மெதுவாகச் சுற்றுவதால், சூரியனும் அந்த வீட்டை மெதுவாகக் கடக்கிறது. சில வருடங்களில் முப்பத்திரண்டாம் நாளும் அங்கேயே தங்கிவிடுகிறது. பழைய பஞ்சாங்கத் தொகுப்பை எடுத்து ஐம்பது வருடங்களைத் தொலைபேசியில் பிரஜ்வலுக்கு வாசித்தேன். முப்பத்தொன்று, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு... மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே யாரோ நாற்று முடிகளை எண்ணுவது போலக் கேட்டது. தேக் பகதூரின் உதடுகளும் கூடவே அசைந்தன. அறை, மழை, எண்கள் எல்லாம் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. வருடங்கள் முளைத்து, நின்று, சாய்ந்தன.

இரண்டு ஐம்பதுக்குத் திரை ஒருமுறை வெளுத்துத் திரும்பி வந்தது. முப்பத்தொன்றின் கீழே முப்பத்திரண்டு. அவர் உடனே தொடவில்லை. சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு தொட்டார்.

அச்சிட்ட தாளைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கேட்டார்: "அன்னிக்குப் பொறந்தவன் நான் ஒருத்தன்தானா, தங்கச்சி?"

அவர் போன பிறகும் அது காதில் நின்றது. பாதியில் நின்றுபோன விண்ணப்பங்களின் பட்டியலை முதல்முறையாகத் திறந்தேன். பிறந்த தேதி மட்டும் காலியாக, பதினொரு பேர். ஒருவர்கூட என்னிடம் வந்து கேட்கவில்லை. பிறந்ததில்தான் ஏதோ தப்பு என்று திரும்பிப் போயிருப்பார்கள். நான் எழுந்து போய்ப் பார்த்த அந்த வெறும் வாசலில் இவர்களும் இல்லாமல் போயிருந்தார்கள் என்று இப்போது தெரிந்தது.

முதல் பெயர் சுன்மதி புன். பயண நாள் போன மாதமே கடந்திருந்தது. காவலாளி ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தார். விண்ணப்பத்தில் இருந்த அவள் தொலைபேசி எண்ணை அழுத்தினேன். நெடுநேரம் மணி அடித்தது. மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். முதலில் தகரக் கூரையின் மேல் மழை மட்டும் கேட்டது.