மடியில் இருந்த கை

எங்கள் ஸ்கூட்டரின் வலது பக்க இண்டிகேட்டர் பொங்கலுக்கு முன்னால் கெட்டுப்போனது. ஆடி மாதம் வரை அது சரிசெய்யப்படவில்லை. வலது பக்கம் திரும்ப வேண்டிய இடம் வந்தால் என் கணவர் திருமலை தலையைத் திருப்பாமல் "கை" என்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் நான் கையை நீட்டுவேன். தொண்ணூற்றெட்டில் திருவண்ணாமலையில் பாதி வண்டிகள் அப்படித்தான் திரும்பின. இடது கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டியபடி போகிற பெண்களை எந்தத் தெருமுனையிலும் பார்க்கலாம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அடி அண்ணாமலையில் என் தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு. வேங்கிக்காலில் எங்கள் வீட்டு வாசலில் அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மணியம்மாளும் அவள் வீட்டுக்காரரும் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்கள். இன்னும் லைட்டை மாற்றவில்லையா என்று மணியம்மாளின் வீட்டுக்காரர் கேட்டார்.

"எதுக்குங்க? அதான் பின்னாடி ஒண்ணு குந்தியிருக்குதே. அதுக்குப் பல்புகூட மாத்த வேணாம்" என்றார் திருமலை.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து இறங்குவதற்குள் வண்டி பெரிய தெருவைத் தாண்டிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. என்னை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. சொன்னதை வாசலிலேயே மறந்திருப்பார். நான்தான் 'ஒண்ணு' என்ற அந்தச் சொல்லை வழியெல்லாம் மென்றுகொண்டு வந்தேன்.

செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் மலை சுற்றும் பாதை வலது பக்கமாகப் பிரியும். வலது பக்கம் திரும்புகிறவர்கள் முன்கூட்டியே ரோட்டின் நடுவுக்கு வந்துவிட வேண்டும். என் கணவர் வர மாட்டார். கடைசிவரை இடது ஓரத்திலேயே போய், பிரியும் இடத்தில் ஒரே வெட்டாகக் குறுக்கே திருப்புவார். ஓரமாகப் போகிறவனை எவனும் குற்றம் சொல்ல முடியாது என்பது அவர் எண்ணம். குறுக்கே வெட்டும் அந்த ஒரு நொடிக்கு என் கைதான் பொறுப்பு.

"கை" என்றார்.

எனக்குக் கேட்டது. இதை நான் தெளிவாக எழுதிவிட வேண்டும். எனக்கு நன்றாகக் கேட்டது. மடியில் சீர்ப்பை இருந்தது. இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டிருந்தேன். வலது கையை எடுப்பதற்கு ஒரு சிரமமும் இல்லை. இன்னொரு தரம் கேட்கட்டும் என்று நினைத்தேன். ஒரு முறையாவது தலையைத் திருப்பி, பேரைச் சொல்லிக் கேட்கட்டும். அவ்வளவுதான் நினைத்தேன். அவர் இன்னொரு தரம் கேட்கவில்லை. திருப்பினார்.

பின்னால் வலது பக்கமாக எங்களை முந்த ஏறியிருந்த டிவிஎஸ் ஃபிப்டி எங்கள் பின்சக்கரத்தில் இடித்தது. எங்கள் வண்டி ஆடி நின்றுவிட்டது. அந்த வண்டி சரளைக்கல்லில் இழுத்துக்கொண்டே போய் விழுந்தது. ஓட்டி வந்தவனுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். எழுந்து உட்கார்ந்தான். வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தான். மணிக்கட்டு இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை.

பிரியும் இடத்திலேயே சகாதேவனின் டீக்கடை. அவர் என் பிறந்த ஊர்க்காரர். என் அப்பா ராஜமாணிக்கத்தோடு ஒன்றாக ஏர் ஓட்டியவர். கிளாஸை வைத்துவிட்டு ஓடிவந்தார். பின்னாலேயே பெஞ்சில் இருந்தவர்கள், ஆட்டோக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒருவர் விழுந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தார். எந்த ஊருப்பா, பேர் என்னப்பா என்று கேட்டார்கள். இளவரசன் என்றான். ஊரையும் சொன்னான். ஊரா, காலனியா என்று அடுத்த கேள்வி வந்தது. காலனி என்றான். அதற்குப் பிறகு யாரும் அவனை 'ப்பா' போட்டுப் பேசவில்லை.

திருமலை பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தார். "மடங்குற எடத்துல ஓவர்டேக் பண்ணலாமா? என் சம்சாரம் கை காட்டிக்கிட்டே வர்றா. உன் கண்ணு எங்க இருந்துச்சு?"

"கை காட்டலீங்க சார். காட்டியிருந்தா பின்னாடியே நின்னிருப்பேன். நான் டிரைவருங்க. ஸ்கூல் வேன் ஓட்டுறேன். கையைப் பாக்காம ஏற மாட்டேன்."

பிரிவில் முந்தியது தப்பு என்றார்கள் சிலர். ஓரமாக வந்து குறுக்கே வெட்டியதும் தப்புதான் என்று ஒரு ஆட்டோக்காரர் மட்டும் மெதுவாகச் சொன்னார். எல்லாம் கடைசியில் என் கையில் வந்து நின்றது.

"ஏம்மா உண்ணாமலை, நீயே சொல்லு. காட்டினியா இல்லையா?" என்று சகாதேவன் கேட்டார்.

நான் திருமலையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பதில் தெரிந்தவர் கூட்டத்தைப் பார்ப்பதுபோல் நின்றிருந்தார். நான் நீட்டாமல் இருந்திருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஏழு மாசமாக நீட்டிய கை.

"காட்டினேன்" என்றேன்.

இளவரசன் என் பக்கம் திரும்பினான். கோபம் இல்லை. கணக்கு தப்பாக வந்ததைப் பார்த்துத் திகைக்கிற முகம். "அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க ரெண்டு கையும் மடியிலதான இருந்துச்சு? ஆசிரமத்துலேர்ந்து உங்க பின்னாடியேதான் வர்றேன். பாத்துக்கிட்டேதான வந்தேன்."

பெஞ்சுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "என்னாத்தடா பாத்துக்கிட்டே வந்தே? பொம்பள மடியவா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் யாரோ அவன் கன்னத்தில் அறைந்தார்கள். கையைத் தாங்கிப் பிடித்திருந்ததால் அவனால் தடுக்க முடியவில்லை.

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் பார்த்தது என் கையை, ஓட்டுகிறவன் பார்க்க வேண்டியதைத்தான் பார்த்தான் என்று. அங்கே நின்ற அத்தனை பேரிலும் அது தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். நான் செய்தது வேறு. அத்தனை கண்களும் என் மடிக்கு வந்ததும், முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். கூச்சத்தில் தானாகப் போன கை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியே இருக்கட்டும். ஆனால் மூடிய பிறகு கூட்டத்தின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவர்களுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. அதையும் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். "மன்னிச்சிடுங்கக்கா" என்றான். திருமலைதான் போதும் விடுங்கள், கை வீங்குது, ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்று சொன்னார். அவர் பெருந்தன்மையைக் கூட்டம் மெச்சிக்கொண்டது.

விசேஷ வீட்டுக்கு இந்தக் கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, நல்லவேளை உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். ஒன்றும் ஆகவில்லை என்பது எத்தனை உண்மை என்று நினைத்துக்கொண்டே பாயசம் குடித்தேன்.

பத்து நாள் கழித்து மணியம்மாள் வந்தாள். அவள் மகள் போகிற ஸ்கூல் வேனில் டிரைவரை மாற்றிவிட்டார்களாம். ரோட்டில் போகிற பொம்பளைகளைக் கேலி செய்கிறவனாம். கிரிவலப் பாதையில் யாரிடமோ அடி வாங்கியிருக்கிறானாம். பெண் பிள்ளைகள் போகிற வண்டியில் இப்படி ஒருத்தனை இத்தனை நாள் வைத்திருந்தார்களே என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள். அந்தப் பொம்பளை நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. பேர் என்ன என்று கேட்டேன். கேட்காமலே தெரிந்திருந்தும் கேட்டேன்.

அன்று நான் கை காட்டவே இல்லை என்று மாலையில் திருமலையிடம் சொன்னேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அதை மடிக்காமலே கேட்டார்.

"நான் கை காட்டச் சொன்னது உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"அப்புறம்?"

வாசலில் சிரித்தது வாய்வரை வந்தது. ஒரு மனிதனின் மணிக்கட்டுக்கும் பிழைப்புக்கும் எதிரே அதை வைத்துப் பார்த்தபோது எனக்கே அற்பமாக இருந்தது. சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது, இருபது பேர் நடுவில் நான்தான் பொய்யனாவேன் என்று மட்டும் சொன்னார். மறுநாள் ஆபீஸ் விட்டு வந்தபோது ஸ்கூட்டரில் புது இண்டிகேட்டர் எரிந்தது. அதற்குமேல் அந்த விஷயத்தைப் பற்றி அவர் இன்றுவரை பேசியதில்லை.

அந்தப் பள்ளிக்கு நான் தனியாகப் போனேன். போவதற்கு இன்னும் எட்டு நாள் ஆயிற்று. பள்ளியை நடத்துகிற ரேணுகாம்பாள் டீச்சர் என்னை உட்காரச் சொன்னார். அன்று நான் கை காட்டவில்லை, தப்பு எங்கள் மேல்தான் என்று சொன்னேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம். சொல்லி முடித்ததும் பாரம் இறங்கிவிட்டதுபோல் இருந்தது.

"ஆக்சிடெண்டுக்காக அவரை நிறுத்தலம்மா" என்றார் டீச்சர். "வண்டின்னா ஒரசத்தான் செய்யும். வேற ஒண்ணு சொன்னாங்க."

அந்த வேறு ஒன்று எனக்குத் தெரியாதா? அதைச் சொல்லாமல் திரும்பிவிடலாம் என்றுதான் கை காட்டாததை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன் என்பது அந்த நாற்காலியில்தான் எனக்குப் புரிந்தது. "அவர் என் கையைத்தான் பாத்தார், டீச்சர். தப்பா ஒண்ணும் பாக்கல. நான்தான் பொய் சொல்லிட்டு, முந்தானையையும் இழுத்துக்கிட்டேன்" என்றேன்.

"அவங்க வீட்டுலேர்ந்து வந்து அழுதாங்களா?" என்று டீச்சர் கேட்டார். இல்லை, இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. உங்களுக்கு இளகிய மனசு என்றார். வேறு டிரைவர் போட்டாயிற்று, இடம் காலியானால் பார்க்கிறேன் என்றார். எழுந்து வந்து வாசல்வரை வழியனுப்பினார். குற்றத்தைச் சொல்லப் போனவள் நல்ல பெயரோடு வெளியே வந்தேன்.

அங்கிருந்தே பஸ் பிடித்து இளவரசன் வீட்டுக்குப் போனேன். வழி கேட்டபோது ஒவ்வொருவரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். முழங்கைவரை மாவுக்கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினான். அவன் மனைவி தென்றல் கதவருகில் நின்றாள். உள்ளே போகவும் இல்லை, வாங்க என்று சொல்லவும் இல்லை.

நடந்ததைச் சொன்னேன். டீச்சரிடம் போனது, சொன்னது, வேலை இப்போது இல்லை என்றது. அவன் தலையைக் குனிந்தபடி கேட்டான்.

"கை காட்டலன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அது போவட்டும்க்கா. ஓட்டுற தொழில்ல அது வரும் போவும். இன்னொண்ணு சொன்னாங்களே, அதைச் சொன்னீங்களா?"

"அதையும் சொன்னேன்."

"யாரு யாரு இருந்தாங்க?"

"டீச்சர் மட்டுந்தான்."

அவன் மனைவியைப் பார்த்தான். பிறகு கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் மெல்லத் தூக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டான். "கடையில இருபது பேருக்கு மேல இருந்தாங்கக்கா" என்றான்.

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. இங்கிருந்து ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று சொல்வதுபோல் சொன்னான். வேலையைவிட அவனுக்கு வேண்டியிருந்தது அந்த இருபது பேர்தான். அந்தக் கடையைத் தாண்டாமல் அவனால் எந்தப் பக்கமும் போக முடியாது. இனி அங்கே எந்த வண்டியில் போனாலும் அவன் யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

கடைக்கு வந்து சொல்லுங்கள் என்று அவன் கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்டால் போவேன் என்றுதான் நினைத்தேன். தென்றல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அவளைப் பார்த்து வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தான். "கெளம்புங்கக்கா, இதை வுட்டா அடுத்த பஸ்ஸுக்கு நேரமாவும்" என்றான்.

எழுந்தபோது என் உடம்பு லேசாக இருந்தது. ஸ்டாப்பிங்வரை நடக்கும்போதுதான் அது என்னவென்று தெரிந்தது. அவன் கேட்காததில் எனக்கு நிம்மதி.

பஸ் பிரிவில் நின்றது. என் ஜன்னலுக்கு நேர் எதிரே சகாதேவனின் கடை. பெஞ்சில் ஏழெட்டு பேர் இருந்தார்கள். இரண்டு மூன்று முகங்கள் எனக்குத் தெரிந்தவை. இறங்கிப் போகக்கூட வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னாலே கேட்கும். ஒருத்தி ஏறக் கூடையை மேலே கொடுத்துக்கொண்டிருந்தாள், நேரம் இருந்தது. சகாதேவன் என்னைப் பார்த்துவிட்டார். டீ ஆற்றிக்கொண்டே சத்தமாகக் கேட்டார்.

"என்னாம்மா உண்ணாமலை, அம்மா வூட்டுக்குப் போயிட்டு வர்றியா?"

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"ஆமாங்க மாமா" என்றேன்.