வருகைப் பதிவேட்டுக் கையெழுத்து

பாடநூல் ஆலோசனைக் குழுவில் வரலாற்றுப் பேராசிரியர் பதினொரு வருஷமாக இருக்கிறார். மனைவி போனபிறகு, “வாங்க சார்” என்று அவரை யாராவது கூப்பிடுவது கூட்ட நாளில் மட்டும்தான். அதனால் உள்ளே நுழைந்ததும் வருகைப் பதிவேட்டில் ஆசை ஆசையாகக் கையெழுத்துப் போடுவார். பாவம், மனுஷன்.

போன கூட்டத்தில் எட்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து மில் தீ விபத்துப் பாடத்தை எடுக்கச் சொன்னார்கள். கதவை வெளியே பூட்டியதால் அறுபத்திரண்டு பேர் வெந்து செத்த கதை அது.

“பிள்ளைங்க பயந்துடும் சார்” என்றார் தலைவர்.

“பூட்டினவனே பயப்படல, படிக்கிற பிள்ளையா பயப்படப்போகுது?” என்று அரை மணி நேரம் கத்தினார் பேராசிரியர். மற்றவர்கள் டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தார்கள். பாடம் போயிற்று. சரி, தன் எதிர்ப்பாவது பதிவில் நிற்கும் என்று தேற்றிக்கொண்டார்.

அதற்காகவே இந்த முறை கூட்டக் குறிப்பைக் கேட்டு வாங்கினார். ‘ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது.’ கீழே வருகைப் பதிவேட்டின் நகல். அதில் அவர் கையெழுத்துதான் முதலில்.

அலுவலகத்துக்கு ஓடினார். “தொண்டை கிழியக் கத்தினேனேம்மா!”

“கத்துனதெல்லாம் எழுத மாட்டோம் சார். வந்து கையெழுத்துப் போட்டா சம்மதம்னு அர்த்தம். எப்பவும் இப்படித்தானே?” என்றாள் பிரிவு அலுவலர்.

ஊரார் குறிப்புகளையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவர், தன் குழுவின் குறிப்பை ஒருநாளும் படித்ததில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்கு வந்து, அதே மில் தீயைப் பற்றித் தான் எழுதிய புத்தகத்தை எடுத்தார். ‘முதலாளி மேல் தப்பில்லை’ என்று ஒருமனதாக அறிக்கை தந்த விசாரணைக் குழுவில் இருந்த டாக்டரை அதில் ‘வாய் மூடிக் கையெழுத்திட்டவர்’ என்று எழுதியிருந்தார். புத்தகம் வந்த புதிதில் டாக்டரின் மகள் தேடி வந்து அழுதாள்: “அப்பா அங்க சண்டை போட்டுட்டு வந்து ரெண்டு நாள் சாப்பிடல சார்.” இவர் கேட்டது ஒரே கேள்வி: “ஆதாரம் இருக்காம்மா?”

அன்று அவள் கொடுத்த எண்ணைத் தேடி எடுத்துச் சுழற்றினார். அவளே எடுத்தாள். குரலில் வயது ஏறியிருந்தது.

“உங்க அப்பா சண்டை போட்டிருப்பாரும்மா. நான் எழுதினது தப்பு. இப்ப எனக்கும் அதே கதிதான்” என்று நடந்ததைச் சொன்னார்.

 அவள் நிஜமான கவலையோடு கேட்டாள்:

“எங்கப்பாவுக்காகச் சொல்ல நான் இருந்தேன். உங்களுக்கு யாரு சார் இருக்காங்க?”