நித்திரை கொண்ட அம்ப்ளி

என்னைப் பார்க்க வந்த மூன்று பெண்களும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: மாப்பிள்ளை கதைக்கிறார் இல்லை. முதலாவது பெண் அதைத் தாயிடம் சொல்லி அனுப்பினாள். இரண்டாவது பெண் என் அக்கா கோசலையிடம் நேரே சொன்னாள். மூன்றாவது பெண், கடைக்குப் போய் ஃபிரிட்ஜ் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருந்தது என்று பிரெஞ்சில் சொன்னாளாம்.

"ஃபிரிட்ஜ் எண்டாலும் இடைக்கிடை உறுமும்," என்றாள் அக்கா.

எனக்குக் கதைக்கத் தெரியும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் மற்றவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். தபால் தரம்பிரிக்கும் நிலையத்தில் எனக்கு வேலை. கடிதங்கள் பதிலை எதிர்பார்ப்பதில்லை. அதனால் அங்கே என்னைப் பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை.

நான்காவதாக வந்த பெண் தாட்சாயினி. வீடு புறநகரான திரான்சியில். வேலை ஸ்டாலின்கிராட் ரயில் நிலையத்தடியில், காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்தும் கடையில். பலகாரத் தட்டோடு வந்து நிற்க மாட்டேன், மாப்பிள்ளையுடன் தனியே கதைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். தனியே என்றாலும் தன் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் என்று அவளுடைய அப்பா ஸ்ரீஸ்கந்தராசா சொல்லியிருந்தார். இரண்டுக்கும் நடுவே அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் ரூ பஜோல் வீதியில், பிள்ளையார் கோயிலுக்கு எதிரே நிற்கும் என் காருக்குள் இருந்து கதைப்பது. பெரியவர்கள் நடைபாதையில் நிற்பார்கள். இராகுகாலம் தொடங்குவதற்குள் பெண் முடிவைச் சொல்லிவிட வேண்டும். தொடங்கிவிட்டால் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக்கூடாது.

கார் என்றதும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

அதை நான் ஜெர்மேன் என்ற ஓய்வுபெற்ற இசை ஆசிரியரிடம் வாங்கினேன். பழைய ஜெர்மன் கார். செய்த கம்பனியே டிக்கிக்குள் சத்தத்தைப் பெருக்கும் நல்ல அம்ப்ளி ஒன்றும் கதவுகளுக்குள் நல்ல ஸ்பீக்கர்களும் வைத்திருந்தது. விலை பேசப் போன அன்று ஜெர்மேன் தன் வீட்டு முற்றத்தில் நின்ற காரில் என்னை முன் இருக்கையில் இருத்தி, செலோ இசை ஒன்றைப் போட்டார். அது முடியும்வரை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. முடிந்ததும் கை கொடுத்தார். இப்படி ஒரு வியாபாரம் என் வாழ்க்கையில் அதற்கு முன் நடந்ததில்லை.

ஆனால் அந்தக் குளிர்காலத்திலேயே ரேடியோவின் முகம் செத்துப்போனது. திரை இருண்டு, பொத்தான்கள் இறுகி, உள்ளே போன இசைத்தட்டு வெளியே வர மறுத்தது. பெண் பார்ப்பதற்கு முதல்நாள் அதைச் சேந்தனிடம் கொண்டுபோனேன். சேந்தன் லா ஷப்பல் கடைத்தெருவில் கலியாண வீடியோ எடுப்பவன். மிச்ச நேரத்தில் கார்களுக்கு ரேடியோ பூட்டுவான்.

"தொடுதிரை போடுறன் மச்சான். அந்தக் கிழட்டு அம்ப்ளியைக் கழட்டிக் குப்பையிலை எறிவம்."

"அதை மட்டும் தொடாதை."

"ஏன், உன்ர சீதனமோ?"

"அதுக்காகத்தான் காரே வாங்கினனான்."

அவன் பிற்பகல் முழுதும் காருக்குள் தலைகீழாகக் கிடந்தான். கால்கள் மட்டும் வெளியே ஆடிக்கொண்டிருந்தன. கடைசியில் திரை எரிந்தது. வரைபடம் வந்தது, மணிக்கூடு வந்தது. தன் கலியாண வீடியோக்களுக்கு மேளம் சேர்க்கும் யூ.எஸ்.பி.யைக் குத்தினான். திரையில் கோடுகள் துள்ளின. சத்தம் மட்டும் வரவில்லை.

"கூட்டிப் பாப்பம்," என்றான். கூட்டினான். இன்னும் கூட்டினான். அதற்கு மேல் கூட்ட இடமில்லாத அளவுக்குக் கூட்டினான். கார் நிலவறை போல இருந்தது.

"சொன்னன்தானே, அம்ப்ளி செத்துப்போச்சு. எனக்கு இப்ப ஒரு பூப்புனித நீராட்டு விழா இருக்கு. நாளைக்குப் பின்னேரம் வந்து பாக்கிறன்."

"நாளைக்குப் பின்னேரம்தான் பொம்பிளையோட கதைக்கிறது! பாட்டுப் போடாமல் நான் என்னண்டு இருக்கிறது?"

"அப்ப வாயைத் திறந்து கதை மச்சான். அது வயர் இல்லாமலும் வேலை செய்யும்."

கமராப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, யூ.எஸ்.பி.யைக் காரிலேயே விட்டுவிட்டு ஓடிவிட்டான்.

அன்றிரவு காரின் கைநூலைப் படித்தேன். ஜெர்மேன் அதை ஒரு நாவலைப் போலப் பத்திரமாக வைத்திருந்தார். நானும் அதை அப்படித்தான் படித்தேன். கதாநாயகன் அம்ப்ளிதான் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் கோயில் வாசலில் கூட்டம். தாட்சாயினி கரும்பச்சைச் சேலையில் வந்து முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். எதிர் நடைபாதையில் அவளுடைய அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பக்கத்தில் என் அக்கா, எல்லாத் தெய்வங்களையும் ஒரே முகத்தில் வேண்டிக்கொண்டு நின்றாள்.

நான் சாவியைத் திருப்பினேன். திரை எரிந்தது. கோடுகள் துள்ளின. மௌனம்.

"வேலை செய்யேல்லையோ?" என்று கேட்டாள்.

வழக்கம்போல எனக்குள் பதில் மாடிப்படிகளில் மெதுவாக ஏறி வரத் தொடங்கியது. இந்த இடத்தில்தான் மற்றப் பெண்கள் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள், அல்லது ரெலிபோனை எடுத்தார்கள். இவள் ஒன்றும் செய்யவில்லை. மடியில் கைகளை வைத்துக்கொண்டு, முகம் சுளிக்காமல் காத்திருந்தாள்.

"நீங்கள் பொறுத்துக்கொண்டு இருக்கிறியள்," என்றேன் வியப்போடு.

"அதுதானே என்ர வேலை. காதுக்குள்ளை ஒரு சத்தத்தை விட்டிட்டுப் பேசாமல் இருக்கோணும். கேட்டுதெண்டு சொல்லுறதுக்கு ஆக்களுக்கு நேரம் வேணும். அவசரப்படுத்தினால் பொய் சொல்லிப்போடுவினம்."

பிறகு நடந்ததை அக்கா இன்றும் நம்புவதில்லை: நான் கதைக்கத் தொடங்கினேன். ஜெர்மேனைப் பற்றி, செலோவைப் பற்றி, வெளியே வர மறுத்த இசைத்தட்டைப் பற்றி, சேந்தனின் கால்களைப் பற்றி. மூச்சு வாங்க நிறுத்தியபோது அவள் கேட்டாள்:

"அந்த அம்ப்ளியை ஒருக்கால் தொட்டுப் பாக்கலாமோ?"

இரண்டு பேரும் இறங்கிப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தோம். எதிர்ப்புறத்திலிருந்து அவளுடைய அப்பாவின் குரல் கேட்டது:

"டிக்கியை ஏன் திறக்கினம்?"

"சாமான் ஏதும் காட்டுறானாக்கும் அண்ணை," என்றாள் அக்கா.

தாட்சாயினி குனிந்து, பக்கச் சுவரோடு இருந்த கறுப்புப் பெட்டியில் உள்ளங்கையை வைத்தாள், காய்ச்சல் பார்ப்பதுபோல.

"குளிருது. வேலை செய்யிற அம்ப்ளி எண்டால் கொஞ்சமெண்டாலும் சுடும். இது சாகேல்லை. நித்திரை."

"எழுப்புறதுக்குத் தனி வயர் ஒண்டு இருக்காம்!" என்று நான் கத்தினேன். "இரவு படிச்சனான். பாட்டு வாற வயர் வேறை, எழும்பு எண்டு சொல்லுற வயர் வேறை. பழைய றேடியோதான் அதை எழுப்பிக்கொண்டு இருந்தது. புதுசு வந்து எழுப்பாட்டில் அது படுத்தேதான் கிடக்கும்!"

"அப்ப சேந்தன் எழுப்ப மறந்திட்டார்."

"பாட்டை மட்டும் குடுத்திட்டுப் போயிட்டான்!"

அப்பாவும் பிள்ளையாரும் பார்த்துக்கொண்டிருக்கையில் நாங்கள் ஓடிப்போய் முன்னால் ஏறினோம். ஓடினோம் என்பது மிகையில்லை. சேலையோடு அவள் என்னை முந்திவிட்டாள்.

திரையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் விளிம்பை என் நகத்தால் நெம்ப முடியவில்லை. தாட்சாயினி யோசிக்காமல் தோளில் சேலையைக் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி நீட்டினாள். முந்தானை சரிந்தது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"கோசலை!" எதிர்ப்புறத்தில் அப்பாவின் குரல் உயர்ந்தது. "பிள்ளை ஏன் ஊசியைக் கழட்டுறாள்?"

விளிம்பு கழன்றது. திரையை முன்னுக்கு இழுத்தோம். பின்னால் இடியப்பம் மாதிரி வயர்கள். அவற்றுக்குள் வெள்ளைக் கோடு போட்ட நீல வயர் ஒன்று, நுனியில் கறுப்பு ஒட்டு ரேப் சுற்றப்பட்டு ஒருவருக்கும் வேண்டாததுபோலத் தொங்கியது. கார்ப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு நீல வயரும் அப்படியே தொங்கியது. இரண்டையும் இணைக்காமல் சேந்தன் தனித்தனியே பத்திரமாகக் கட்டி வைத்திருந்தான்.

ஊசிநுனியால் ரேப்பைக் கிளப்பினேன். செப்பு மினுங்கியது. ஸ்ரீஸ்கந்தராசா வீதியைக் கடக்கத் தொடங்கியிருந்தார். கோயிலில் கொடுத்த பூ இன்னும் அவர் கைக்குள் இருந்தது.

"அப்பா வாறார்," என்றாள் தாட்சாயினி. "கெதியா முறுக்குங்கோ."

முறுக்கினேன்.

டிக்கிக்குள் 'தொப்' என்று ஒரு சிறு சத்தம். யாரோ கண்விழித்துக் காலை நிலத்தில் வைத்ததுபோல. பிறகு அந்த அழகான மௌனம், ஜெர்மேனின் முற்றத்தில் நான் கேட்ட அதே மௌனம்.

பிறகு கெட்டிமேளம்.

சேந்தன் கூட்டிவிட்டுப் போன அத்தனை சத்தத்தோடும், மூன்று தவிலும் இரண்டு நாதஸ்வரமும் ஒன்றாகத் திறந்த ஜன்னல்களால் ரூ பஜோலில் பாய்ந்தன. கார் துள்ளியது. கண்ணாடி அதிர்ந்தது. புறாக்கள் கூரைகளிலிருந்து எழும்பின.

கெட்டிமேளம் கேட்டால் எங்கள் ஆட்களின் கை யோசிப்பதில்லை. கோயில் படியில் அர்ச்சனைத் தட்டோடு நின்ற புனிதவதி மாமி, எங்கே, யாருக்கு என்று பார்க்காமலே பூவை அள்ளி எறிந்தார். அவர் எறிந்ததைப் பார்த்து மற்றவர்கள் எறிந்தார்கள். செவ்வந்தியும் மல்லிகையும் கார்க் கூரையில் விழுந்தன, ஜன்னலுக்குள்ளால் வந்து எங்கள் மடியில் விழுந்தன. "கல்யாணம் யாருக்குங்க?" என்று தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுக்கொண்டே எறிந்தான். சைக்கிளில் வந்த பிரெஞ்சுக்காரி இறங்கி நின்று கைதட்டினாள்.

நடு வீதியில் நின்ற ஸ்ரீஸ்கந்தராசாவும் எறிந்தார்.

எறிந்த பிறகுதான் தன் கையைப் பார்த்தார். அது யாரோ ஒருவருடைய கைபோல அந்தரத்தில் நின்றது.

தாட்சாயினி என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது, கண்கள் சிரித்தன, ஒரு சொல்லும் கேட்கவில்லை. நான் திரையில் கண்ட இடமெல்லாம் குத்தினேன். வரைபடம் வந்தது, காலநிலை வந்தது, சத்தம் குறையவில்லை. சாவியைத் திருப்பினால் போதும் என்பது எனக்கு வெகுநேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

திருப்பினேன். வீதி முழுதும் அமைதியானது. நான் அவளிடம் என்ன சொன்னாய் என்று கேட்க வாயைத் திறந்தபோது ஜன்னல் விளிம்பில் ஒரு விரல் தட்டியது.

"இராகுகாலம் துவங்கீற்றுது," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "இனி ஒருத்தரும் மூச்சும் விடக்கூடாது."

தனக்குக் கால் உளைகிறது என்று சொல்லிப் பின்கதவைத் திறந்து ஏறினார். அக்காவும் மறுபக்கத்தால் ஏறினாள். கதவுகள் சாத்தப்பட்டன. நாலு பேர், ஒரு கார், மடியெல்லாம் பூ.

மௌனத்தை நான் வாழ்நாள் முழுதும் படித்திருக்கிறேன். அன்றைய மௌனம் அதுவரை படித்த எதிலும் இல்லாதது. அது சிரிப்பால் நிரம்பியிருந்தது. தாட்சாயினியின் தோள் குலுங்கியது. அவளைப் பார்த்தால் நான் வெடித்துவிடுவேன் என்று நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றுத் துவாரத்திலிருந்து ஒரு மல்லிகை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் சொன்னது 'ஓம்' என்றுதான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். உதடு குவிந்ததைக் கண்டேனே. இல்லை, விரிந்ததா? என் உதட்டைக் குவித்துப் பார்த்தேன். குவிந்தது என்று முடிவு செய்தேன், சந்தோசத்தில் தலை சுற்றியது.

கொஞ்ச நேரத்தில் ஸ்ரீஸ்கந்தராசா பின்னாலிருந்து திரையைச் சுட்டிக்காட்டி, கையை மெல்லத் தாழ்த்தி, மெதுவாக ஏதும் போடும்படி காட்டினார். நான் சாவியைத் திருப்பி, மேளம் வாய் திறப்பதற்குள் இந்த முறை சரியான இடத்தைக் கண்டு சத்தத்தைக் குறைத்து, வானொலி நிலையம் ஒன்றை வைத்தேன். பியானோ. அம்ப்ளி ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே துடைத்துக் கொண்டுவந்து வைத்தது. ஸ்ரீஸ்கந்தராசா கண்ணை மூடிக்கொண்டார். இராகுகாலம் இவ்வளவு இனிமையாக ஒருவருக்கும் போயிருக்காது.

கடைசியில் அவர் கண்ணைத் திறந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அக்கா அணை உடைந்ததுபோல முன்னால் சாய்ந்தாள்.

"பிள்ளை! அந்தச் சத்தத்துக்குள்ளை இவனுக்கு என்ன சொன்னனீர்?"

"சத்தத்தைக் குறையுங்கோ எண்டனான்," என்றாள் தாட்சாயினி.

என் உதடு குவிந்தபடியே நின்றது.

"அப்ப முடிவு?" என்று அவளுடைய அப்பா கேட்டார்.

"என்ன முடிவப்பா? இவர் இன்னும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லையே."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அம்ப்ளியைப் பற்றி அவ்வளவு கதைத்தவன், கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்காமல் விட்டிருந்தேன். மாடிப்படிகளில் சொற்கள் ஏறத் தொடங்கின. அக்கா "கேளன்ரா!" என்று என் இருக்கையின் முதுகில் குத்தினாள்.

"அவசரப்படுத்தாதேங்கோ அக்கா," என்றாள் தாட்சாயினி. "வரும்."

மடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பியானோ முடிந்து, அறிவிப்பாளர் ஏதோ சொல்லி, அடுத்தது தொடங்கியது. யாரோ சிவப்பு விளக்கில் ஹோர்ன் அடித்தார்கள். அவள் அசையவில்லை.

"என்னைக் கலியாணம் செய்வியளோ?" என்றேன்.

"ஓம்," என்றாள். இந்த முறை வீதியில் எந்தச் சத்தமும் இல்லை. எனக்கு நன்றாகக் கேட்டது.

அக்கா அழுதாள், சிரித்தாள், பிறகு இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். ஸ்ரீஸ்கந்தராசா தொண்டையைச் செருமி, பக்கத்து இருக்கையில் விழுந்திருந்த செவ்வந்திகளை அள்ளி எடுத்தார். இந்த முறை யோசித்து, பார்த்து, எங்கள் இருவர் தலையிலும் படும்படி எறிந்தார்.

"உந்த மேளத்தைத் திரும்ப ஒருக்கால் போடுங்கோ தம்பி," என்றார். "அரைவாசிச் சத்தத்திலை."