உடுப்பு முடிந்தால் போய்விடும்

லவ்டே டிரவாஸ்கிஸ் செய்த பொம்மைகள், உடுப்பு தைத்து முடிந்ததும் எழுந்து வீட்டைவிட்டுப் போய்விடும். புகையிலைக் குழாய் துடைக்கிற பஞ்சுக்கம்பியை முறுக்கிக் கைகால், மரமணியில் தலை, பூத்தையல் நூலில் முடி, ஓக் கொட்டையின் மூடி தொப்பி, துணிப்பூவின் இதழ்களில் பாவாடையும் இறக்கையும். சரக்கு இவ்வளவுதான். கடைசித் தையலைப் போட்டதும் அந்தச் சுண்டுவிரல் தேவதை மேசையிலிருந்து இறங்கும். கரண்டியில் முகம் பார்த்துக்கொள்ளும். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வாசலைத் தாண்டி மலைச்சாலையில் ஏறிவிடும். அதன்பிறகு அந்த வாசலை மிதிக்காது.

பென்மோர் துறைமுகத்தில் இதற்காக யாரும் வாயைப் பிளக்கவில்லை. பிஸ்கி என்னும் குட்டி மனிதர்களுக்குப் புது உடுப்பு கொடுத்தால் வீட்டைவிட்டுப் போய்விடுவார்கள் என்பது கார்ன்வால் கரையில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பொம்மைக்கும் அந்தப் புத்தி இருக்கிறதே என்று ஒரு வாரம் பேசினார்கள். பிறகு புகார் சொல்லத் தொடங்கினார்கள். வேலிப் புதர்களில் குடியேறிய தேவதைகள் மீனவர்களின் பூட்ஸ் கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்தன. தேவாலய ஆர்மோனியத்துக்குள் புகுந்து சங்கீதத்தை இருமவைத்தன. திருவிழாக் குழுத் தலைவி அர்சுலா பாஸ்கோவின் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியில் மத்திச் செதில்களை வரிசையாக ஒட்டிவைத்தன. அது தொப்பிக்கு எடுப்பாகத்தான் இருந்தது, ஆனால் அர்சுலாவிடம் அதைச் சொல்ல யாருக்குத் துணிச்சல்?

பேதுரு திருவிழாவில் லவ்டேயின் கடைமேசை ஆண்டுதோறும் காலியாகவே இருக்கும். ஒருமுறை அவள் பொம்மைகளுக்கு உடுப்பே போடாமல் கொண்டுவந்தாள். அவை போகவில்லைதான். ஆனால் குங்குமப்பூ ரொட்டிகளின் மேல் ஏறி வெற்றுடம்போடு ஆடியதில் பாதிரியார் தேநீர்க் கோப்பையைத் தவறவிட்டார். அர்சுலாவே ஊசியும் நூலும் நீட்டி, "இதுங்களுக்கு எதையாவது மாட்டித் தொலை, லவ்டே!" என்று கத்தினாள். மாட்டினாள். தொலைந்தன.

இதெல்லாம் விளையாட்டுச் சங்கதி. லவ்டேயின் நெஞ்சில் கிடந்த கல் வேறு. அந்தத் துறைமுகத்தில் ஒவ்வொரு மனைவியும் தன் புருஷனுக்குக் கம்பளிச் சட்டை பின்னித் தருவாள், அதைப் போட்டுக்கொண்டுதான் அவன் கடலுக்குப் போவான். லவ்டேயின் புருஷன் டென்ஸில் மட்டும் அண்ணன் கழித்துப்போட்ட சட்டையில் போய்வந்தான். பெண்டாட்டிக்கு அவன்மேல் பிரியமில்லை என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

"என்ன டென்ஸில், உன் பொண்டாட்டி கைக்கு உன் அளவு மட்டும் தெரியாதா?" என்று அர்சுலா மீன்சந்தையில் நாலு பேர் முன்னால் கேட்டாள். அன்று அவன் வீட்டுக்கு வந்து பையில் துணியை அடைக்கத் தொடங்கினான். பிளிமத்தில் அண்ணனோடு கப்பல்துறை வேலைக்குப் போகிறானாம்.

"கம்பிக்குச்சிக்கெல்லாம் பட்டுப் பாவாடை, கட்டின புருஷனுக்குக் கந்தலா? நல்லா இருக்குடி உன் நியாயம்!"

லவ்டே பெட்டியைத் திறந்து ஒரு கருநீலச் சட்டையை எடுத்துப் போட்டாள். கல்யாணமான வருஷம் பின்னத் தொடங்கியது. வலது கை முனையில் சில வரிசைகள் மட்டும் பாக்கி. எலும்பு ஊசிகள் அதில் அப்படியே தொங்கின.

"இதை முடிச்சா நீயும் போயிடுவ."

"நான் என்ன கம்பியும் மணியுமா?"

"அதுங்களையும் ஆசையாத்தான்யா செஞ்சேன். ஒண்ணாவது திரும்பிப் பார்த்துச்சா?"

இத்தனை வருஷமும் தன்னை இழந்துவிடுவோமோ என்றுதான் அவள் பயந்துகொண்டிருந்தாள் என்பது டென்ஸிலுக்கு உறைத்தபோது கண் கலங்கிவிட்டது. சட்டையை அப்படியே தலைவழியாக மாட்டிக்கொண்டான்.

"ஊசி குத்துதுடி."

"குத்தட்டும்."

பையிலிருந்த துணிகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தான்.

அடுத்த திருவிழாவுக்கு அவர்கள் ஜோடியாக வந்தார்கள். ஊர் பார்க்கட்டும் என்று டென்ஸில் சட்டையோடும் ஊசியோடும் உட்கார்ந்தான். நூலுருண்டை லவ்டேயின் ஏப்ரன் பையில் இருந்தது. ஆட்டைக் கட்டிவைத்திருக்கிறாள் என்று சிரித்தார்கள். வெயில் இதமாக இருந்ததால் டென்ஸில் தூங்கிப்போனான். லவ்டே தேநீர் வாங்கத் திரும்பிய நேரத்தில் தேவதைகள் புதரிலிருந்து கும்பலாக இறங்கிவந்து, ஊசிக்கு நாலு பேராகப் பிடித்து, அந்தக் கையைப் பின்னி முடித்துவிட்டன. நூலை மட்டும் அறுக்கவில்லை. கத்தரிக்கோல் இரும்பு; குட்டி மனிதர்கள் இரும்பைத் தொடமாட்டார்கள். தங்கள் எலும்பே கம்பிதான் என்பதை அவை யோசித்ததாகத் தெரியவில்லை.

டென்ஸில் எழுந்தான். பளபளத்த தேநீர்ப் பாத்திரத்தில் முகம் பார்த்துக்கொண்டான். ஒரு வார்த்தை பேசாமல் மலைச்சாலையில் ஏறத் தொடங்கினான். தேவதைகள் முன்னால் குதித்துக்கொண்டு போயின.

"டென்ஸில்! யோவ்!"

அவன் திரும்பவில்லை. நூலுருண்டை பைக்குள் துள்ளித் துள்ளிக் கரைந்தது. லவ்டே நூலைப் பிடித்தாள். அது விரல்களை அறுத்துக்கொண்டு ஓடியது. அப்போது அர்சுலா பாஸ்கோ, செதில் தொப்பியோடு ஓடிவந்து, தன் கனத்த காலணியை நூலின்மேல் ஊன்றினாள்.

"பார்த்துக்கிட்டு நிக்கிறியே, இழுடி!"

இருவரும் இழுத்தார்கள். மேலே சட்டையின் கை முனை பிரிந்தது, மணிக்கட்டு தெரிந்தது, முழங்கையும் தெரிந்தது. மலைவளைவில் டென்ஸில் நின்றான். திரும்பிப் பார்த்தான். பிறகு முழங்கையைத் தேய்த்துக்கொண்டே இறங்கிவந்தான்.

"கை குளிருதுடி" என்றான்.

"எங்கய்யா போன?"

"யாருக்குத் தெரியும்? முழுச் சட்டை போட்டதும் போகணும்னு தோணுச்சு."

லவ்டே அவனை ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு, அவனுடைய குளிர்ந்த கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகும் தேவதைகள் சும்மா இருக்கவில்லை. அவன் வெளியில் எங்கே கண்ணயர்ந்தாலும் சட்டையை முடித்துவிடுகின்றன, அவனும் எழுந்து போய்விடுகிறான், லவ்டே உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தி நூலை இழுக்கிறாள். மலைச்சாலையில் கருநீல நூல் ஓடுவதைக் கண்டால் பென்மோர்காரர்கள் காலைத் தூக்கித் தாண்டிப் போகிறார்கள். தபால்காரர் சைக்கிளைத் தூக்கிக்கொள்கிறார்.