முகவரி மாற்றாத பதினான்கு மாதங்கள்

மூன்றாவது வக்கீலின் மாடிக்கு ஏறுவதற்குள் போஸ்ட்மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் ஊரார் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். பின்னால் மகள் வந்தாள். முதல் வக்கீல் மொத்தமாக ஒரு தொகை சொல்லி, எதற்கென்று கேட்டபோது சிரித்தார். இரண்டாமவர், "மாப்பிள்ளையைக் கோர்ட்டுல நாறடிச்சிரலாம்" என்றார். நாறப்போவது தன் குடும்பமும்தான் என்று போஸ்ட்மாஸ்டர் எழுந்து வந்துவிட்டார்.

இந்த வக்கீல் அம்மாள் பேச்சை வளர்க்கவில்லை.

"விவாகரத்துக்கு ரெண்டு பேருக்கும் சம்மதம்னா என் ஃபீஸ்ல பாதி இப்போ, மீதி தீர்ப்பு வந்தப்புறம். கோர்ட் கட்டணம் தனி. அவர் மனசு மாறி எதிர்த்தா ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனி. கல்யாணப் பதிவுச் சான்று வேணும். ஒரு வருஷமா பிரிஞ்சிருக்கீங்கன்னு அத்தாட்சி வேணும். பொண்ணு எங்க இருக்காங்க?"

"எங்க வீட்லதான். பதினாலு மாசமா."

"அந்த முகவரிக்கு வந்த பேங்க் கடிதம் ஏதாவது?"

போஸ்ட்மாஸ்டர் மேசை விளிம்பைப் பார்த்தார். மகள்தான் சொன்னாள். "ஒண்ணும் வராது மேடம். அப்பா முகவரியை மாத்தவே விடல. சனிக்கிழமையானா அப்பாவே பஸ் ஏறிப் போய், புருஷன் வீட்டு வாட்ச்மேன்கிட்ட என் தபாலை வாங்கிட்டு வருவார்."

"ஏன் சார்?"

ஏனென்றால், அவர் தெருவின் தபால்காரன் அவரிடமே இருபது வருடம் வேலை பார்த்தவன். முகவரி மாறி மகள் பெயருக்குத் தபால் வர ஆரம்பித்தால், அவள் பிரிந்து வந்துவிட்டது அவனுக்கு விளங்கிவிடும். மனைவிக்கு முழங்கால் வலி, துணைக்கு மகள் வந்திருக்கிறாள், அடுத்த மாதம் போய்விடுவாள் என்று அவனிடம் சொல்லிவைத்திருந்தார். அந்த அடுத்த மாதம் பதினான்கு முறை வந்து போயிற்று.

"காகிதப்படி உங்க பொண்ணு இன்னும் புருஷன் வீட்லதான் குடித்தனம் நடத்துறாங்க" என்றார் வக்கீல். "இப்போ முகவரியை மாத்திட்டு இன்னொரு வருஷம் காத்திருங்க. இல்லேன்னா, தினம் இவங்களைப் பார்க்கிற வெளியாள் ஒருத்தர் சாட்சி சொல்லணும்."

இறங்கும்போது மகள் பாதிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொரு வருஷம் என்னால முடியாதுப்பா. உங்க மானத்தையும் சேர்த்துச் சுமந்து அலுத்துப்போச்சு."

மறுநாள் பதினொரு மணிக்கு வாசலில் நின்றார். தபால்காரன் சைக்கிளை நிறுத்தினான்.

"உங்களுக்கு இன்னிக்கு ஒண்ணும் இல்ல சார். அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு?"

"அவளுக்கு என்னப்பா, படியில ஓடி ஏறுவா." சைக்கிளின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். "என் பொண்ணு பிரிஞ்சு வந்து பதினாலு மாசமாச்சு. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். இங்க தினம் அவளைப் பார்க்கிறேன்னு நீ கோர்ட்டுல சொல்லணும்."

"தேதியை மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க சார். இப்ப இருக்கிற அதிகாரி லீவு விஷயத்துல உங்களையே தூக்கிச் சாப்பிட்டுருவார்."

"இதை யார்கிட்டேயும்..." என்று தொடங்கிய போஸ்ட்மாஸ்டர் நிறுத்திக்கொண்டார். கோர்ட்டில் சொல்லச் சொல்லிவிட்டுத் தெருவில் சொல்லாதே என்று எந்த வாயால் கேட்பது? சைக்கிள் அடுத்த வீட்டு வாசலில் நின்று மணியடித்தது. அங்கே கதவு திறப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் அவர் உள்ளே போனார்.

"சாட்சிக்கு ஆள் கிடைச்சாச்சும்மா" என்றார் மகளிடம்.