கிட்டங்கிக்கு ஒரு எஃப்.சி.

குடகனாறு மோட்டார் சர்வீஸுக்கு மொத்தம் ஏழு பஸ்கள். அதில் ஐந்து ஓடும். ஆறாவது ஓடுவதாகச் சொல்லிக்கொள்ளும். ஏழாவதை முதலாளி ராசிக்காக வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து என்றால் மட்டும் வெளியே எடுப்பார். இந்த ஏழுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. வாங்கியாக வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து சுற்றிப் பார்த்து, இது மனிதர்களை ஏற்றிக்கொண்டு போகத் தகுதியான வண்டிதான் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

திண்டுக்கல் பழனி ரோட்டு ஷெட்டில் அது ஒரு திருவிழா. ஒரு வண்டியின் சீட்டு மெத்தை இன்னொரு வண்டிக்குப் போகும். நல்ல கண்ணாடி நொண்டி வண்டிக்கு ஏறும். ஓட்டை உடைசலெல்லாம் பெயிண்டுக்குள் ஒளிந்துகொள்ளும். இன்ஸ்பெக்டர் தலை மறைந்ததும் எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பிவிடும். இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. கல்யாணத்துக்குப் போகிறவள் பக்கத்து வீட்டுச் சங்கிலியை இரவல் வாங்கிப் போட்டுக்கொள்வதில்லையா, அந்த மாதிரிதான்.

இந்தப் பழக்கம்தான் கண்டக்டர் அருளப்பனின் காலை வாரிவிடப் பார்த்தது.

அருளப்பனுக்கு ஒட்டன்சத்திரம் லைன். 1961-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், திண்டுக்கல் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகும் கடைசி சீட்டில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தன. எட்டு வயசுப் பெண், நாலு வயசுப் பையன். ஒட்டன்சத்திரத்தில் யாரோ டிக்கெட் எடுத்துக் கொடுத்து ஏற்றிவிட்டிருக்கிறார்கள். யாரும் தேடி வரவில்லை. போலீஸில் எழுதி வைத்துவிட்டு, பிள்ளைகளை அவன்தான் சுந்தரம்மாளிடம் கொண்டுபோய் விட்டான். அந்தம்மாள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தாடிக்கொம்பு ரோட்டில் புகையிலை மூட்டை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கி ஒன்றைப் பிடித்து, யாருமில்லாத பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றி வந்தார். இந்த இரண்டோடு பத்தொன்பது உருப்படி.

அந்தப் பெண், முத்துப்பேச்சி, தம்பியைத் தரையில் விட்டால்தானே. சோறு வந்தால் முதலில் அவனுக்கு ஊட்டுவாள். பொரிகடலை கொடுத்தால் தன் பங்கையும் அவன் சட்டைப் பையில் போடுவாள். அவன், சோலைமுத்து, சரியான வால். அக்காவின் சடையைப் பிடித்து இழுப்பான், கையைக் கடிப்பான். ஒரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் அவனை "ஏன்டா" என்று கேட்டதில்லை. அருளப்பனுக்கு அதைப் பார்க்கப் பார்க்க, எட்டு வயசில் இவ்வளவு பொறுமை எதற்கு என்று தோன்றும்.

மறு வருஷம் சுந்தரம்மாளுக்கு ஒரு சர்க்கார் கடிதம் வந்தது. அநாதை இல்லங்களைப் பார்வையிட அதிகாரி திங்கட்கிழமை வருகிறார். கூரை, சுவர், கக்கூஸ், கிணறு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். பிள்ளைக்கு ஒன்றாகப் படுக்கை இருக்க வேண்டும். இல்லையென்றால் பெண் பிள்ளைகள் மதுரைக்கு, ஆண் பிள்ளைகள் திருச்சிக்கு. கடிதம் வந்தது புதன்கிழமை.

அருளப்பன் நேராக ஷெட்டுக்கு வந்து, டீ நேரத்தில் எல்லோர் முன்னாலும் விஷயத்தைப் போட்டு உடைத்தான். "அக்காளையும் தம்பியையும் ஆளுக்கொரு ஊருக்கு அனுப்பப் போறாங்க. அந்தப் பிள்ளை செத்தே போகும்ண்ணே" என்றான்.

ஷெட் மேஸ்திரி உடையப்பன், ஆள் ஆறடி, எடை சொல்லக் கூடாது. மீதி டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "யாரோ ஒரு அதிகாரி வந்து பாத்து கையெழுத்துப் போடணும். அம்புட்டுத்தானே? ஏலே, அது எஃப்.சி. தானடா. நாம வாங்காத எஃப்.சி.யா?"

ஷெட்டே கிளம்பிவிட்டது. டிரைவர்களும் கிளீனர்களும் டிரிப் முடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருபத்திரண்டு பேர். முதலாளி பழைய தகரம், மிச்சப் பெயிண்ட், உடைந்த பஸ் பாடி மரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எப்படியும் அவற்றை வாங்க ஆளில்லை. கூரைக்குத் தகரம் அடித்து ரிவெட் போட்டார்கள். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழும்பியது. கக்கூஸுக்குப் பஸ் கதவே கைப்பிடியோடு வந்து உட்கார்ந்தது. பிள்ளைகள் சும்மாவே நாலு தடவை உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தார்கள்.

பெயிண்டர் ஜெகபர் அலிக்குத்தான் கை தனக்குத் தெரிந்த வழியிலேயே போனது. பிரஷ் எடுத்து இருபது வருஷமாகப் பஸ்ஸைத் தவிர வேறெதற்கும் அவர் பெயிண்ட் அடித்தது கிடையாது. கீழே பச்சை, மேலே மஞ்சள், நடுவில் சிவப்புப் பட்டை. சாயங்காலம் எல்லோரும் தள்ளி நின்று பார்த்தபோது, ஜன்னலுக்குக் கீழே அழகான எழுத்தில் 'கை தலை நீட்டாதீர்கள்' என்றிருந்தது. வாசல் பக்கம் 'உட்கார 40 பேர் மட்டும்'.

"என்ன பாய், இது பிள்ளைக இருக்கிற இடமா, பழனி வண்டியா?" என்றார் சுந்தரம்மாள்.

ஜெகபர் அலி பிரஷைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "அட அல்லா, நான் எப்ப இதை எழுதினேன்?" என்றார். அழிக்கப் பெயிண்ட் மிச்சமில்லை. பிள்ளைகளுக்கோ பரம சந்தோஷம். சோலைமுத்து ஜன்னலில் தலையை நீட்டி "ரைட் ரைட்" என்று கத்திக்கொண்டிருந்தான்.

படுக்கைதான் பாக்கி. பத்தொன்பது படுக்கைக்கு எங்கே போவது? உடையப்பன் கண்ணைச் சிமிட்டினார். திங்கட்கிழமை விடியற்காலையில் ஏழாம் நம்பர் வண்டியின் சீட்டு மெத்தைகள் அத்தனையும் கழன்று வந்து, பலகைமேல் வரிசையாகப் படுத்து, வெள்ளை வேட்டி போர்த்திக்கொண்டன. சாயங்காலம் திரும்பப் போய்விட வேண்டும். செவ்வாய்க்கிழமை அந்த வண்டிக்குக் கல்யாண டிரிப். சுந்தரம்மாளிடம், கம்பெனி கொடுத்தது என்று மட்டும் சொன்னார்கள். அந்தம்மாளுக்குப் பொய் ஆகாது. அருளப்பனுக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் மதுரை, திருச்சி என்று நினைத்ததும் உறுத்தல் ஓடிப்போய்விட்டது.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். பெயர் அஜீஸுன்னிசா. நாற்பது வயசிருக்கும், ஒல்லி, கையில் தோல் பை. வெளிச்சுவரை ஒரு நிமிஷம் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே வந்து மெத்தையை விரலால் அழுத்தினார். பக்கத்தில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற முத்துப்பேச்சியைக் குனிந்து பார்த்தார்.

"மெத்தை நல்லா இருக்காம்மா? தூக்கம் வருதா?"

"தெரியலைங்க" என்றாள் முத்துப்பேச்சி. "அதுமேல உக்காரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நாளைக்கு இதெல்லாம் கல்யாணத்துக்குப் போவணுமாமுங்க."

சுவரோரம் நின்ற அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டான். சுந்தரம்மாள் மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம். அதிகாரி பையைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்றின் தலைப்பில் மதுரை, இன்னொன்றில் திருச்சி. பெயர்களெல்லாம் ஏற்கெனவே டைப் அடித்திருந்தது.

"அம்மா, தப்பு என்னுதும்மா" என்று அருளப்பன் முன்னால் வந்தான். "இந்த அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. நாங்க பஸ் கம்பெனிக்காரங்க. எஃப்.சி.க்கு இப்படித்தான் மாத்தி மாத்தி வச்சுக் காட்டுவோம். அதே புத்தி இங்கயும் வந்திருச்சு. எங்களை என்ன வேணாலும் சொல்லுங்க, பிள்ளைகளைப் பிரிச்சுறாதீக."

"அப்போ கூரையும் இரவல்தானா? சாயங்காலம் கழட்டிட்டுப் போயிருவீங்களா?"

கேட்டது அருளப்பனிடம். ஆனால் சுருக்கென்று தைத்தது பின்னால் நின்ற உடையப்பனுக்கு. அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "தாயி, மெத்தையை மாத்துவோம், பெயிண்டை மாத்துவோம். பிரேக்குல மட்டும் கை வைக்க மாட்டோம். அதுல பொய் சொன்னா உசுரு போயிரும். பிரேக் இன்ஸ்பெக்டருக்கும் அது தெரியும். அதான் கையெழுத்துப் போடுறாரு."

"இங்க எது பிரேக்?"

"கூரை. கிணத்துச் சுவரு. கக்கூஸு. செத்த நேரம் இருங்க."

அவர் ஏணியில் ஏறினார். ஏணி அழுதது. கூரைமேல் நின்று, ஆறடி உடம்பையும் தூக்கித் தொம்மென்று குதித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. கீழே ஒரு தூசி விழவில்லை. பிறகு மழைக்கு முன்னால் பஸ் கூரையைச் சோதிப்பது போலவே கீழிருந்து குடம் குடமாகத் தண்ணீரை வாங்கி ஊற்றினார். இருபது குடம். அதிகாரி உள்ளே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை. வெளியே நின்ற ஜெகபர் அலிதான் தொப்பலாக நனைந்துபோனார்.

"கூரை சரி" என்றார் அதிகாரி. "படுக்கை இல்லையே. சட்டத்துல அதுவும் இருக்கு. எனக்கு ஆறு மணிக்கு மதுரை வண்டி. அதுவரைக்கும் நான் இந்த அம்மாவோட கணக்கு, மருந்து, சமையல் எல்லாம் பாக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார். இருங்கள் என்றோ செய்யுங்கள் என்றோ சொல்லவில்லை. ஆனால் சும்மா இருக்கிறவரா உடையப்பன்? ஷெட் மூலையில் மலையாகக் கிடந்த கிழிந்த டயர் டியூப்கள் ஒரு மாட்டு வண்டியில் வந்து இறங்கின. பாடி மரத்தை அறுத்துச் சின்னச் சின்னச் சட்டமாக அடித்தார்கள். டியூப்பைப் பட்டை பட்டையாக நறுக்கி, இழுத்துப் பின்னினார்கள். முதல் கட்டிலில் உடையப்பன் உட்கார்ந்து பார்த்தார். தாங்கியது. அவரைத் தாங்கினால் பிள்ளையைத் தாங்காதா? மத்தியானம் பழனி டிரிப்பிலிருந்து டிரைவர் பொன்னுத்துரை வந்து, சாப்பிடாமல் சுத்தியலைப் பிடித்தார். காக்கிச் சட்டைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சுந்தரம்மாள் மூன்று மணிக்கு ஒரு அண்டா புளிச்சோறு கிளறி, கோபம் தணியாத முகத்தோடு, எல்லோருக்கும் உருட்டிக் கொடுத்தார். அருளப்பனுக்கு மட்டும் ஒரு உருண்டை கூடுதலாக வந்தது.

அருளப்பனுக்கு டியூப் நறுக்கி நறுக்கி உள்ளங்கை கொப்புளித்தது. ஐந்தரை மணிக்குப் பதினெட்டுக் கட்டில் நின்றன. டியூப் தீர்ந்துவிட்டது. இன்னும் ஒன்று வேண்டும்.

அதிகாரி வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தார். கடைசியில் நின்றார்.

"தம்பி எங்கூடவே படுத்துக்குவானுங்க" என்றாள் முத்துப்பேச்சி. "அவனுக்குத் தனியா வேண்டாங்க. ராத்திரி உருண்டா நான் புடிச்சுக்குவனுங்க."

அஜீஸுன்னிசா அவளைப் பார்த்தார். பிறகு அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து, இரண்டு தடவை லேசாகக் குதித்துப் பார்த்தார். அங்கேயே ஒரு புதுத் தாளை மடியில் வைத்து எழுதினார். ஆறு மாதத்துக்கு அனுமதி, ஒரு கட்டில் குறைவு, ஏழு நாளில் சரிசெய்ய வேண்டும். மதுரைத் தாளிலும் திருச்சித் தாளிலும் குறுக்கே கோடு போட்டு, மூன்றையும் சுந்தரம்மாள் கையில் கொடுத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் சுவரைக் காட்டிக் கேட்டார்.

"நாப்பது பேர்னு போட்டிருக்கு. இப்ப பத்தொம்பதுதான் இருக்கு. மதுரையில இடமில்லாத பிள்ளைங்க ரெண்டு மூணு இருக்கு. அனுப்பலாமா?"

"அனுப்புங்க" என்றார் சுந்தரம்மாள். ஜெகபர் அலி பெருமை தாங்காமல் மேலே பார்த்துக்கொண்டார்.

அதிகாரி போன பிறகு அருளப்பன் முத்துப்பேச்சி முன்னால் உட்கார்ந்தான். அவளுக்கு இன்னும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"மாமா, நாங்க எப்பப் போவணுங்க?"

"எங்கயும் போக வேண்டாம் தாயி. ரெண்டு பேரும் இங்கதான்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் இங்கதான். நாளான்னைக்கும் இங்கதான். அந்தம்மா எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். அருளப்பன் அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான், அழுவாள் என்றும் எதிர்பார்த்தான். இரண்டும் இல்லை. அவனுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. சுத்தியல், ரம்பமெல்லாம் பொறுக்கிக் கோணியில் போடத் தொடங்கினான்.

கோணியின் வாயைக் கட்டக்கூட இல்லை, உள்ளேயிருந்து சோலைமுத்துவின் அலறல் வந்தது. எல்லோரும் ஓடினார்கள். கட்டிலின் நடுவில் முத்துப்பேச்சி கையையும் காலையும் பரப்பிக்கொண்டு மல்லாக்கப் படுத்திருந்தாள். தம்பி கீழே தரையில் உட்கார்ந்து, முதுகில் வாங்கிய அடியைத் தடவியபடி ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"போடா, இது என்ற கட்டலு. சடையப் புடிச்சு இழுத்தீன்னா இன்னொண்ணு வெப்பேன்."

"ஏன் பேச்சி, சின்னப் பிள்ளையைப் போட்டு அடிக்கிற?" என்று சுந்தரம்மாள் அதட்டிக்கொண்டு முன்னால் போனார். அருளப்பன் குறுக்கே கையை நீட்டி அவரைத் தடுத்தான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"விடுங்கம்மா, அடிக்கட்டும்" என்றான். "இன்னைக்குத்தான் அது பயமில்லாம அடிக்குது."