பிரிக்காத சீவாளிகள்

கிளாரினெட் ஊதுகிறவளுக்கு வாயில் வைத்து ஊதும் நாணல் சீவாளி நிலைக்காது. எச்சிலில் ஊறும், நுனி பிளக்கும், அம்மாவின் பர்ஸ் இளைக்கும். ஆகஸ்டில் நான் வாங்கித் தந்த சீவாளிப் பெட்டி அக்டோபரிலும் பிரிக்காமல் கிடந்தது. வாத்தியத்தில் மாட்டியிருந்த ஒன்றும் கடையில் வாங்கியது போலவே இருந்தது. தினமும் பள்ளி விட்டு இருட்டும்வரை பயிற்சி என்கிறாளே, அப்படியென்றால் இவள் என்னத்தை ஊதுகிறாள்?

மகள் டெலேனியைக் கேட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். நம்புவேனா நான்? வெள்ளிக்கிழமை கால்பந்து ஆட்ட இடைவேளையில் பள்ளி பேண்ட் வாசிக்கும்போது வேலியோரம் போய் நின்றுகொண்டேன். விரல்கள் பறந்தன. முன்வரிசைப் பெண்கள் மூச்சு வாங்கினார்கள். கடைசி வரிசை ஓரத்தில் என் மகள் மூச்சே வாங்கவில்லை.

காரில் ஏறியதும் அழுதுவிட்டாள். "உனக்குச் சுருதி சேரல, விரல மட்டும் ஆட்டு, ஊதாத, யார்கிட்டயும் சொல்லாதன்னு மிஸ்டர் மாரெக் சொன்னாரும்மா."

இந்த டெக்சஸ் ஊரில் மாரெக் என்றால் மேயருக்கும் மேலே. பேண்ட் இயக்குநராக வந்த நாள் முதல் போட்டிக்குப் போட்டி முதல் தரம்தான். அவர் அறைச் சுவர் முழுக்கக் கேடயம். அடுத்த வாரம் போய் அவற்றின் கீழே நின்றுதான் கேட்டேன். அவர் மறுக்கவே இல்லை. வரும் சனிக்கிழமை மண்டலப் போட்டி, தரம் இறங்கினால் பள்ளி வாரியம் அடுத்த வருஷம் தன்னை வைத்திருக்காது என்றார்.

"உங்க பொண்ணு ஒருத்திக்காக மத்த பிள்ளைங்க உழைப்பு வீணாப் போகணுமா, மிஸஸ் பிக்கெட்?"

வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. வந்தவர் போனவருக்கெல்லாம் என் மகள் பொம்மையா? அவளிடம் சொன்னேன்: "சனிக்கிழம நீ ஊது. என்ன ஆனாலும் நான் பாத்துக்கறேன்."

ஊதினாள். இரண்டாம் தரம்தான் வந்தது. துணைக்குப் போயிருந்த நான் பார்த்தேன், திரும்பும் பேருந்தில் யாரும் அவள் பக்கம் உட்காரவில்லை. மாரெக் சொன்னதை அவள் மீறியது தெரிந்து எல்லாரும் சேர்ந்து ஒதுக்குகிறார்கள் என்றே நினைத்தேன். ஊது என்று தூண்டிவிட்ட என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பேண்ட் அறையில் நடுவரின் பதிவைப் போட்டுக் கேட்பது வழக்கம். மைதானத்தில் பிள்ளைகளோடு கூடவே நடந்தபடி அவர் பேசிப் பதிந்தது. டோனட் கொண்டுவந்த சாக்கில் நானும் பின்னால் உட்கார்ந்தேன். டிரம்பட் பிரமாதம், டிரம் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டே வந்த குரல் சட்டென்று நின்றது.

"கடைசி கிளாரினெட் வரிசைக்குப் பக்கத்துல நிக்கிறேன். ஓரத்துப் பொண்ணு ஒருத்திதான் ஊதுறா. சுருதி தப்பு, ஆனா ஊதுறா. மத்தவங்கல்லாம் ஏம்ப்பா சும்மா விரல ஆட்டுறீங்க?"

மாரெக் பாய்ந்து போய்ப் பதிவை நிறுத்தினார்.

கடைசி வரிசைப் பெண்கள் தலை குனிந்திருந்தார்கள். அவர்களில், பேருந்தில் டெலேனியைத் தாண்டிப் போன மாரிசெலாதான் முதலில் நிமிர்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்.

"உன்கிட்டயும் சொன்னாரா?"

அவள் தலையாட்டினாள். அடுத்தவளும் ஆட்டினாள். என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கும்படி மாரெக் கேட்டுக்கொண்டார். நான் எழுந்திருக்கவில்லை.